இடக்கைப் பக்கத்துச் சுவர்

சுவர் இன்னும் முடியவில்லை.

நோர்சாங்குக்குத் தெரிந்து அதன் நீளம் நூறு தப்படி. முதுகில் பாரம் இருந்தால் நூற்றிருபது. மந்திரம் செதுக்கிய கற்பலகைகளை ஆளுயரத்துக்கு அடுக்கிய அந்தச் சுவர் முடிந்ததும் யாக் மாட்டுப் பட்டி, அதன் கீழே ஊர், ஊரில் அடுப்பு. அடுப்புதான் அவனுக்கு வேண்டியிருந்தது. காலையில் பனியாற்றைக் கடக்கும்போது மேலோடு உடைந்து இடது கால் முழங்கால்வரை தண்ணீருக்குள் போய்விட்டது. வழிகாட்டிக்குக் கால் போனால் பிழைப்பும் கூடவே போகும்.

முன்னால் நடந்தவர் முதலாளி பிரக்யான் தாபா. காத்மாண்டுவில் மலைப்பயண நிறுவனம் வைத்திருப்பவர். அவருடைய அட்டையில் ‘இமயத்தின் மைந்தன்’ என்று பொன்னெழுத்தில் போட்டிருக்கும். மைந்தன் இதுவரை தாய்மடிக்கு ஹெலிகாப்டரில்தான் வந்துபோயிருந்தார். இந்த முறை நடப்பதாக விளம்பரப் படம்.

சுவர் தொடங்கும் இடத்தில் நோர்சாங் தயங்கியிருந்தான். சுவர் வலக்கைப் பக்கம் இருக்கத்தான் நடக்க வேண்டும். சாராயம் குடித்தவன்கூட, ஏன், மேயும் யாக் மாடுகூட அப்படித்தான் போகும்.

“என்ன தம்பி, சாமி கண்ணக் குத்திருமா?” என்றார் தாபா. “இந்தப் பக்கந்தான் என் மூஞ்சில வெளிச்சம் விழுது. வா, படத்தப் புடி.”

தலைமை வழிகாட்டி யாரென்று நாளைக்கு அவர்தான் சொல்வார். காட்டான் என்று பெயர் வாங்க நோர்சாங் விரும்பவில்லை.

“நமக்கென்ன சார், வெறும் கல்லுதானே,” என்று சிரித்தும் வைத்தான்.

அப்போது மதியம். கணவாயிலிருந்து இறங்கிய சரளைச் சரிவு, சாம்பல் மேடு, மஞ்சள் புல்வெளி என்று மணிக்கொரு நிறம் காட்டிய பள்ளத்தாக்கு மூடுபனிக்குள் போய்விட்டது. ஈரக் கம்பளி நாற்றம். பனியில் செருப்புத் தோல் போல நறநறக்கும் தங்கள் காலடிச் சத்தம். இடப்பக்கம் சுவர், சுவர், சுவர்.

அறுநூறு தப்படி.

கால் வலிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தான். நல்லதுதான் என்று நினைத்தான். பிறகு, நல்லதில்லை என்று நினைத்தான். இரண்டு நினைப்பும் வேறு யாருக்கோ வந்தவைபோல் இருந்தன.

“சார், திரும்பிருவோம்.”

தாபா திரும்பிப் பார்க்காமல் மூடுபனிக்குள் போய்விட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம், அவர்கள் நடந்திருக்க வேண்டிய பக்கத்தில், பேச்சுக் குரல் கேட்டது.

“கால் எரியுது சார், உசுரு போகுது!”

“நடடா! ஊரு வந்திருச்சு. பொம்பளப் புள்ள மாதிரி அழுற!”

தாபாவின் குரல். அழுதது நோர்சாங்கின் சொந்தக் குரல். நொண்டும் காலடி. யாக் மணி. யாரோ ஒரு பெண் சிரித்து, “உள்ள வாங்க, உள்ள வாங்க” என்றாள். கதவு சாத்திய சத்தம்.

நோர்சாங் கத்தினான். வாயிலிருந்து ஆவி வரவில்லை.

சுவரைத் தொட்டான். இந்தப் பக்கத்துக் கற்களில் எழுத்து இல்லை. நெற்றி உயரத்தில், வழவழவென்று, ஒரு குழி. அதற்கடுத்து ஒன்று. அதற்கடுத்து ஒன்று.

மூடுபனி சற்று விலகியது.

சுவரை ஒட்டிப் பள்ளத்தாக்கின் அடிவரை ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஆண்கள், பெண்கள், பழங்காலத்துக் கம்பளி, புதுக்கால முதுகுப்பை. எல்லாருடைய நெற்றியும் கல்லில். தோள்களில் பனி. முதுகு ஒன்றும் அசையவில்லை. அருகிலேயே தாபா. நோர்சாங்கின் கையிலிருந்த கேமரா கீழே விழுந்தது. அவர் நெற்றியைக் குழிக்குள் கச்சிதமாகப் பொருத்திக்கொண்டிருந்தார்.

அவருக்கு இந்தப் பக்கம் ஒரு குழி காலியாக இருந்தது.

நோர்சாங்குக்குப் பயமாகக்கூட இல்லை. கால்கள் தாமாகவே நடந்தன. நெற்றியைக் குழிக்குள் வைத்தான். கல் குளிரவில்லை.