நாற்பது நொடி மௌனம்

நாற்பத்தாறு டிகிரி வளைகுடா வெயிலில் முசஃபா தொழிற்பேட்டையே தகித்துக்கொண்டிருந்தது. மீன் கோல்ட் ஸ்டோரின் மெஷின் ரூமில் வியர்வை வழிய உட்கார்ந்து, அக்கா சம்யுக்தாவுக்குப் போனில் பேசியே மெசேஜ் அடித்துக்கொண்டிருந்த சோலையப்பன், திரையில் தான் சொல்லாத ஒரு வார்த்தையைப் பார்த்தான்.

"சாப்பிடப் போறேன்க்கா. அம்மாவுக்கு மாத்திரை வாங்கிட்டியா. குளிருது."

கடைசி வார்த்தையை அழித்தான். கம்ப்ரசர் இரைச்சலில் போனுக்குக் காது கேட்கவில்லை போல.

எதிரே லேப்டாப்பில் இரண்டு கோடுகள் ஓடின. மூன்றாம் நம்பர் ஃப்ரீசரின் கதவில் ஒரு சென்சார் உண்டு. உள்ளே மாட்டிக்கொண்டவர் தட்டினால் அந்த அதிர்வில் அலாரம் அடிக்கும். இரண்டு வாரமாக அது தினமும் மதியம் அடித்தது. ஓடிப்போய்த் திறந்தால் ஆள் இருக்காது.

"ஆளில்லாத ரூம்ல யாருடா தட்டுறது? ஐஸ்மீனுக்குக் குளிரெடுத்துருச்சா?" என்று சிரித்த சூப்பர்வைசர் கௌஸ் முகைதீன்தான் வழியும் சொன்னார். "சத்தமில்லாத நேரமா பாத்து ரெக்கார்ட் பண்ணு தம்பி. அதையே அலாரம் பேனலுக்குத் திருப்பித் திருப்பி ஓட்டிவிடு. கலாஸ், வேலை முடிஞ்சுது."

செய்துவிட்டான். சென்சார் வயரைப் பேனலிலிருந்து கழற்றி, லேப்டாப்போடு இணைந்த, அதிர்வைக் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப் பெட்டியில் செருகினான். அமைதியான நாற்பது நொடிகளைப் பதிவுசெய்து, அதையே பெட்டியிலிருந்து பேனலுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பினான். கீழ்க்கோடு அந்தப் பொய். மேல்கோடு, ஃப்ரீசர் உண்மையில் சொல்வது. பேனலில் பச்சை விளக்கு எரிந்தது.

மேல்கோடு துள்ளியது.

மூன்று உயரமான முட்கள். கொஞ்சம் இடைவெளி. பிறகு இரண்டு சின்ன முட்கள், வேறு யாரோ தட்டியதுபோல.

அந்தத் துள்ளலைச் சேமித்தான். ஹெட்போனை மாட்டி ஓடவிட்டான். தொம், தொம், தொம். அதன்பின் இரும்புக் கதவு வழியாக நசுங்கி வந்த ஒரு குரல். திரும்ப ஓட்டினான். மூன்றாம் தடவைதான் புரிந்தது.

குளிருது.

தமிழ். யாரோ நம்மாள் உள்ளே இருக்கிறான். அலாரத்தின் வாயைக் கட்டியது இவன் கை.

மெஸ்ஸுக்குப் போன் போட்டான். எடுத்தது கூட வேலை பார்க்கும் சாகிர்.

"பாய், மூணாம் நம்பர்ல யாராச்சும் இருக்காங்களா?"

"எல்லாரும் இங்க தட்டு முன்னாடி உக்காந்துருக்கோம்டா. நீ ஒருத்தன்தான் பாக்கி. யல்லா, சீக்கிரம் வா, மீன் தீரப்போவுது."

காலையில் ஒரு லாரி வந்து இறக்கிவிட்டுப் போனது. அதில் வந்தவன் எவனாவது? நினைக்கும்போதே ஓடத் தொடங்கியிருந்தான். கையில் போன் அப்படியே இருந்தது.

கதவைத் திறந்து ஒரு மீன் பெட்டியை முட்டுக்கொடுத்து வைத்தான். வெள்ளைப் புகை காலைச் சுற்றியது. ஐஸ் வாசனை, அதற்கடியில் பழைய இரும்பின் வாசனை. "யாரு? யாருங்க உள்ள?" அடுக்குகளுக்கு நடுவே நாலடி போனான். ஆறடி. யாருமில்லை.

பின்னால் பெட்டி வழுக்கும் சத்தம்.

கதவு மூடியது. விளக்கு அணைந்தது.

உள்பக்கக் கைப்பிடி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. தாழ் நகரவில்லை.

முஷ்டியால் தட்டினான்.

தொம். தொம். தொம்.

எண்ணிக்கை மண்டைக்குள் விழுந்தது. மூன்று. வெளியே பேனலில் நாற்பது நொடி மௌனம் ஓடிக்கொண்டிருக்கும். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

போனில் சிக்னல் இல்லை. மெசேஜ் பெட்டியில் மைக் மட்டும் திறந்திருந்தது. பற்கள் தந்தியடித்தன. அடக்கப் பார்த்தான். முடியவில்லை.

"குளிருது..."

ஹெட்போனில் கேட்ட அதே குரல்.

திரையில் எழுத்து விழுந்தது. குளிருது.

பின்னால், ஐஸ் பெட்டிகளுக்குள்ளிருந்து, மெதுவாக. தொம். தொம்.

அவன் வாயை இறுக மூடிக்கொண்டான். மூச்சையும்.

திரையில் அடுத்த வார்த்தை விழுந்தது.

எனக்கும்.