அன்புமானியின் இரண்டு விளக்குகள்

அன்புமானியின் விளக்குகள் எரியாவிட்டால் சேந்தனும் பரிதியும் வீட்டுக்குப் போகலாம். எரிந்தால் ஆளுக்கு ஏழு வருஷம் உள்ளே.

குரலில் ஒளிந்திருக்கும் பிரியத்தைக் கண்டுபிடிக்கும் பெட்டி அது. போலிக் கல்யாணங்களைப் பிடிக்கத்தான் பதிவு அலுவலகத்துக்கு முதலில் வந்தது. ஆணை ஆண் நேசிப்பது குற்றம் என்று சட்டம் போட்டதும், அதே பெட்டியை அப்படியே கோர்ட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். கருவி ஒன்று கையில் கிடைத்தால் அரசாங்கத்துக்குச் சும்மா இருக்கத் தெரியாதே!

காலையில் பக்கத்து வீட்டுச் சந்தனராஜ் சாட்சி சொல்லியிருந்தார். "ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி மாதிரிதான் இருந்தாங்க ஐயா."

ஜாமீனில் தனித்தனி ஊரில் இருந்த ஒரு மாதமும், ரேஷன் கடைக்காரர் கூப்பிடுவதுபோல் "பரிதி" என்று வறட்டுக் குரலில் சொல்லிப் பழகியிருந்தான் சேந்தன். கூண்டில் ஏறி எதிரே பார்த்தான். பரிதி பாதியாக இளைத்துப்போயிருந்தான். சேந்தனுக்கு மனசு தாங்கவில்லை.

"பேர் சொல்லிக் கூப்பிடுங்க," என்றார் அரசு வக்கீல்.

"ஏலே, சாப்ட்டியா?"

முதல் விளக்கு பளிச்சென்று எரிந்தது. கெடுத்துவிட்டோமே என்று சேந்தன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இல்லல. நீ?" என்றான் பரிதி. இரண்டாவதும் எரிந்தது.

பெட்டி லேசாக உறுமி, ஒரு தாளை வெளியே தள்ளியது. திருமணச் சான்றிதழ்! பழைய வேலையை அதற்கு யாரும் மறக்கடிக்கவில்லை.

அவர்களுடைய வக்கீல் பெலிசிட்டா எழுந்தார். "ரெண்டு விளக்கும் எரிஞ்சா தம்பதின்னு பதிவுச் சட்டம் சொல்லுது. ஆண், பெண்ணுன்னு அதுல ஒரு வார்த்தை கிடையாது. குற்றச் சட்டமோ 'தம்பதியர் நீங்கலாக'ன்னுதான் ஆரம்பிக்குது."

"பெட்டி தப்பாக் காட்டுது ஐயா!" என்று கத்தினார் அரசு வக்கீல்.

"தப்புன்னா உங்க வழக்குக்கு ஆதாரம் ஏது?" என்றார் நீதிபதி. "இந்தப் பெட்டி பதிவு பண்ணின அத்தனை கல்யாணமும் என்ன ஆகும்? உங்களோடது உள்பட?"

அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி தாளைத் திருப்பிப் பார்த்தார். கீழே சாட்சிக் கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது.

"சந்தனராஜ்," என்று கூப்பிட்டார். "காலையில சொன்னீங்களே, அதுக்கு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."