குறையில்லாத சந்தூக்கு

எதுவும் குறையவில்லை. அதுதான் கலீல் ரஹ்மானுக்கு என்னவோ போலிருந்தது.

கப்பலில் போனவர்கள் காலத்து ஆளுயரப் பெட்டி. நிற்க வைத்துப் புத்தகம் மாதிரி இரண்டாகத் திறந்தால் இடது பக்கம் உடுப்பு தொங்கவிடும் கம்பி, வலது பக்கம் ஐந்து இழுப்பறைகள். இந்த மாதிரிப் பெட்டிகளைப் பதினான்கு வருடமாகச் சேர்க்கிறார். மாடியில் ஏழு நிற்கின்றன. ஏழிலும் ஏதாவது ஒன்று இருக்காது. ஒன்றில் ஹேங்கர் இல்லை, ஒன்றில் செருப்புப் பெட்டி இல்லை, சாவி எதிலுமே இல்லை. ஒரே ஒரு ஹேங்கருக்காகப் பாண்டிச்சேரி வரைக்கும் நாயாய் அலைந்திருக்கிறார். இதிலோ பத்து ஹேங்கரும் வரிசையாகத் தொங்கின. மடக்கு இஸ்திரிப் பலகை, செருப்புப் பெட்டி, அழுக்குத் துணிப் பை, தோல் வாரில் கோத்த இரண்டு சாவிகள். பையை எடுத்து முகர்ந்து பார்த்தார். நூறு வருடத்துத் துணியில், நேற்றுத் துவைத்து வெயிலில் போட்ட வாசனை வந்தது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் ஏற்றி வந்த தரகர் அர்ஜுனன் கூடத்திலேயே அதை நிறுத்திவிட்டுக் கிளம்பிப் போயிருந்தார். பௌர்ணமி, இன்னும் கொஞ்ச நேரத்தில் கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை மறித்துவிடுவார்கள், வேன் மாட்டிக்கொள்ளும் என்று அவசரம். யார் வீட்டுச் சாமான் என்று கேட்டதற்கு மட்டும் சரியாகப் பதில் வரவில்லை. சீக்கிரம் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று வீட்டுக்காரர்கள் சொன்னார்களாம், அவ்வளவுதான்.

கூடத்தை ஒட்டிய அறையில் பிர்தௌஸ் படுத்திருந்தாள். சிறுநீரகம் இரண்டும் போய் இரண்டு வருடம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். விடியற்காலை ஆட்டோ, நாலு மணி நேரம் ஆஸ்பத்திரி பெஞ்சு, திரும்ப ஆட்டோ, வாந்தி, தூக்கம், மறுபடி ஆட்டோ. வேங்கிக்கால் ஆபீசில் முப்பத்தோரு வருடம் ஃபைல் தூக்கியபோதுகூட இப்படி அலுத்ததில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று ஐந்து வேளையும் துஆ கேட்கிறார். கேட்டு முடித்து எழுந்திருக்கும்போது முழங்காலும் வலிக்கிறது, மனசும் வலிக்கிறது. போதும் போதுமென்று ஆகிவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பெட்டியை மாடிக்கு ஏற்ற வேண்டும். சுமை தூக்குகிறவர்கள் எல்லாரும் கிரிவலப் பாதையில் கடை போடப் போயிருந்தார்கள். பள்ளிவாசல் மோதினார் சாகிலுக்குப் போன் போட்டார். பாங்கு சொல்வதோடு பள்ளிவாசல் வேலை அத்தனையும் பார்க்கிறவர் அவர்தான். ஜமாஅத்து ஆட்கள் நாலு பேரைக் கேட்டால் அனுப்புவார்.

"மோதினாரே, சந்தூக்கு தூக்கணும். நாலு பேரு வேணும்."

"எப்பங்க பாய்?" என்றார் சாகில், குரலைத் தாழ்த்தி.

"மத்தியானம் ரெண்டரை மணி இருக்கும். ரொம்ப நாளா எதிர்பாத்துட்டு இருந்ததுதான்."

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் வந்துவிடுகிறோம், நீங்கள் மனசைத் தளரவிடாதீர்கள் என்று சொல்லிச் சாகில் போனை வைத்தார். பெட்டி தூக்குவதற்கு எதற்கு இவ்வளவு ஆறுதல் என்று கலீல் ஒரு விநாடி யோசித்தார். அலுப்பு, அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

நிக்காஹ் ஆன புதிதிலேயே பிர்தௌஸ் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தாள். கலீல் வீட்டில் உருது. அவர் அத்தாவுக்குச் சந்தூக்கு என்றால் சாதாரணப் பெட்டி. பிர்தௌஸ் பரங்கிப்பேட்டைக்காரி. தமிழ் பேசுகிற அவள் வீட்டில் சந்தூக்கு என்றால் ஒன்றே ஒன்றுதான், இறந்தவர் மய்யித்தைக் கபர்ஸ்தானுக்குத் தூக்கிக்கொண்டு போகிற பெட்டி. முப்பது வருடமாக ஜாக்கிரதையாகப் 'பொட்டி' என்றே சொல்லிவந்தவருக்கு இன்றைக்கு வாய் தவறிவிட்டது. சாகிலும் பரங்கிப்பேட்டைதான் என்பது அப்போது அவர் ஞாபகத்தில் இல்லை.

வெயில் தாழ்ந்து, ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு பெட்டியின் கால்வரை வந்து, தெருமுனையில் கற்பூரமும் வேர்க்கடலை வறுக்கிற வாசனையும் கூட்டத்தின் இரைச்சலும் ஒன்றாகக் கலந்து வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தபோது, பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. முதலில், மரணச் செய்திக்கு முன்னால் சொல்கிற அந்த அரபி வாக்கியம். யாருக்கோ மவுத்து போலிருக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"நமது மஹல்லாவைச் சேர்ந்த கலீல் ரஹ்மான் அவர்களின் மனைவி பிர்தௌஸ் பேகம் வபாத்தாகிவிட்டார்கள். ஜனாஸா இன்று இரவு இஷா தொழுகைக்குப் பிறகு..."

அவருக்குத் தெரியும், அவள் உள்ளேதான் இருக்கிறாள், இப்போதுதான் இருமினாள். தெரிந்தும் அது வந்துவிட்டது. நெஞ்சிலிருந்து கிளம்பி இரண்டு தோளையும் இறக்கிவிட்டுப் போன ஒரு மூச்சு. அப்பாடா. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் முகம் சொல்லியிருக்கும்.

திரும்பினார். அறைக் கதவு திறந்திருந்தது. பிர்தௌஸ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய்க் கட்டிலருகில் உட்கார்ந்தார். தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டார்கள், என் வாய் செய்த வேலை, அந்த மோதினாருக்கு அறிவில்லை என்று என்னென்னவோ உளறினார். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"மைக்குல சொன்னது தப்புதாங்க," என்றாள். "உங்க மொகத்த பாத்தேன். அது தப்பில்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கோபமே இல்லை. படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவருக்கு அழுகை வந்தது, வெட்கமாக இருந்தது. அவள் தோளைத் தொடக் கை போகவில்லை.

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். சாகிலும் நாலு பேரும், தலையில் தொப்பியோடு, பள்ளிவாசல் சந்தூக்கைக் கொண்டுவந்து வாசற்படியில் இறக்கினார்கள். விஷயம் தெரிந்ததும் சாகில் தலையில் கைவைத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உடனே போய் மைக்கில் மறுத்துச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தார். அந்த நேரம் பார்த்துத் தெரு முழுக்கக் கரண்ட் போயிற்று.

வந்ததற்கு இதையாவது செய்கிறோம் என்று நாலு பேரும் கூடத்துப் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். ஏற்கெனவே அதைப் பூட்டிச் சாவிகளைச் சட்டைப் பையில் போட்டிருந்த கலீல், செல்போன் வெளிச்சத்தைக் காட்டியபடி முன்னால் ஏறினார்.

"காலிப் பொட்டியாங்க பாய்?" என்று கேட்டார் முன்னால் பிடித்திருந்த முபின்.

"காலிதான்."

காலிப் பெட்டியின் சத்தம் அவருக்குத் தெரியும். அசைத்தால் ஹேங்கர்கள் கட்டையோடு கட்டை இடித்துக் கலகலக்கும். இதில் கலகலக்கவில்லை. துணி மாட்டிய ஹேங்கர்கள் அசையும்போது வருகிற மொத்தையான ஓசை. தொம். தொம். படிக்குப் படி கனம் கூடுகிறதென்று அவர்கள் மூச்சே சொல்லியது. திருப்பத்தில் நாலு பேரும், யாரும் சொல்லாமலே, தோள் மாற்றிக்கொண்டார்கள். நடை மெதுவாயிற்று. நாலு வாயும் ஒரே தாளத்தில் எதையோ முணுமுணுத்தன.

கலிமா.

ஜனாஸா தூக்கும்போது சொல்வது. வேண்டாம், நிறுத்துங்கள் என்றார் கலீல். எதை நிறுத்தச் சொல்கிறீர்கள் பாய் என்று முபின் கேட்டார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

பெட்டியை மற்ற ஏழோடு நிறுத்திவிட்டு அவர்கள் வாசலில் இருந்த வெறும் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கலீல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிர்தௌஸின் அறைக்குப் போக முகமில்லை. இருட்டு ஏறியது. அறையிலிருந்து இருமல் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தார். வரவில்லை. தூங்குகிறாள். தூங்கட்டும்.

எதிர் வீட்டு ரேணுகாம்பாள் அறிவிப்பைக் கேட்டுவிட்டு வந்தாள். இரண்டு வருடமாகப் பிர்தௌஸுக்கு உப்பில்லாத கஞ்சி வைத்துக் கொண்டுவருகிறவள். அவர் வாயைத் திறப்பதற்குள் நேராக அறைக்குள் போனாள். போன் வெளிச்சம் சுவரில் ஆடி நின்றது. வெளியே வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"கண்ண மூடி விட்டுட்டேங்க பாய். ஜில்லுனு ஆயிட்டாங்க."

"தூங்கறாம்மா. மைக்குல தப்பா சொல்லிட்டாங்க."

ரேணுகாம்பாள் அவரைப் பார்த்த பார்வையில் இரக்கம் தவிர வேறொன்றுமில்லை. அவர் எழுந்து போனார். பாதத்தைத் தொட்டார். கட்டில் கம்பியும் அந்தப் பாதமும் ஒரே குளிர்ச்சி.

"என்னங்க."

மாடியிலிருந்து.

அவள் குரல். நோய் வருவதற்கு முந்திய குரல். ரேணுகாம்பாள் தலை நிமிரவில்லை, அழுதுகொண்டே இருந்தாள்.

படி ஏறினார். ஜன்னல் வழியே நிலா. எட்டுப் பெட்டிகள். ஏழு மூடியிருந்தன. எட்டாவது ஒரு விரல் அளவு திறந்திருந்தது. சட்டைப் பையைத் தடவினார். இரண்டு சாவியும் இருந்தன.

திறந்தார்.

இடது பக்கம். கம்பிக்குக் கீழே. பிர்தௌஸ் நின்றிருந்தாள்.

காலையில் கட்டிய அதே புடவை. கையில் நேற்று ஊசி குத்திய இடத்தில் அதே பஞ்சு, அதே பிளாஸ்திரி. மூச்சு வாங்கியது. மார்பு ஏறி இறங்கியது. உயிரோடுதான் இருந்தாள். கையை எட்டித் தொட்டார். சூடு.

ஐந்து வேளையும் கேட்டது கிடைத்துவிட்டது.

அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு சனிக்கெழமங்க," என்றாள் மெதுவாக. "வெள்ளனவே கெளம்பணும்."

சனி. பிறகு செவ்வாய். வியாழன். மறுபடி சனி.

அவர் கை போயிற்று. அவர் போகச் சொல்லவில்லை. இடது பாதியைத் தள்ளியது. வலது பாதியைத் தள்ளியது. இடைவெளி குறுகக் குறுக அவள் முகம் ஒரு கண் அகலமாயிற்று. கண் இமைக்கவில்லை. தடுக்கவும் இல்லை. முழு உடம்பையும் சாய்த்து மூடினார். சாவியைத் திருப்பினார்.

பெட்டியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். கீழே ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். யாரோ அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கண் சொருகியது.

முதுகுக்கு நேரே, பலகைக்கு உள்ளிருந்து, ஒரு கை மெல்லத் தட்டியது.

திறக்கச் சொல்லி இல்லை. தட். தட். தட். அலுத்துப் போன பிள்ளையைத் தூங்க வைக்கிற தட்டு.