விடாத மூச்சு

படத்தின் மேல் போட்ட மெல்லிய காகிதம் ஓரிடத்தில் மட்டும் குழிந்தது.

கையெழுத்துப் போட்ட பழைய புகைப்படங்களில் தூசி படியாமலிருக்க அவன் எப்போதும் அப்படியொரு காகிதம் போட்டு வைப்பான். மற்ற படங்களின் மேல் அது தட்டையாகத்தான் கிடக்கும். இதுவோ விரல்நுனி அளவுக்கு உள்ளே இறங்கி அங்கேயே நின்றது. மின்விசிறியைப் பார்த்தான். ஓடவில்லை. காகிதத்தை எடுத்தபோது பிசின் ஒட்டியதுபோல் லேசாக இழுபட்டு வந்தது. குழிந்த இடத்துக்கு நேர்கீழே, படத்திலிருந்தவளின் திறந்த வாய்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் மற்றவர்களின் பார்வையை அளந்து கொடுப்பவன் அவன். விடுமுறை கிடைத்தால் அந்தக்கால ஆபரா பாடகர்களின் கையெழுத்துகளைத் தேடி அலைவான். மைக் இல்லாத நாளில், பெரிய அரங்கின் கடைசி வரிசைவரை வெறும் தொண்டையால் எட்டி, கதை முழுவதையும் பாடியே நடித்தவர்கள். குரல் காற்றோடு போய்விட்டது. கை மட்டும் ஒரு கிறுக்கலை விட்டுப் போயிருக்கிறது. அந்த நினைப்பே அவனுக்குப் போதை.

இந்தப் படத்துக்காக வருஷக்கணக்கில் ஏங்கியிருந்தான். இதிலிருந்த பாடகி, கடைசிக் காட்சியின் உச்ச சுரத்துக்காக மூச்சை இழுத்தவள், அதை விடாமலேயே மேடையில் சாய்ந்து செத்தாள். அதற்குச் சற்று முன், இடைவேளையில் போட்ட கையெழுத்து இது. அன்று காலை, இறந்துபோன இன்னொரு சேகரிப்பாளரின் மனைவி இதைச் சும்மாவே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"ஜன்னல் திறந்திருக்கிற ரூம்லயே வைங்க தம்பி. அவரு அப்படித்தான் வெச்சிருந்தாரு."

பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சொல்கிறார் என்று நினைத்து அவனும் தலையாட்டிவிட்டு வந்தான்.

அக்கா காபியோடு உள்ளே வந்தாள். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். தட்டச்சு சொல்லிக்கொடுப்பவள்; விரல் ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும்.

"இந்தம்மா எப்பப் போய்ச் சேர்ந்தாங்க?"

"நம்ம தாத்தா பொறக்கறதுக்கு முன்னாடி."

"உன் ஆல்பத்துல உயிரோட ஒரு ஆள்கூட கிடையாதாடா? கல்யாணப் பேச்சு வந்தா இதப்பத்தி மூச்சு விட்டுடாத."

சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகுதான் அவனுக்கு அது கேட்டது.

யாரோ மிக மெல்ல, அடிவயிறுவரை இறங்கும்படி காற்றை இழுக்கும் சத்தம். எங்கோ தொலைவில் மரங்கள் அசைவதுபோல் தொடங்கி, அலமாரிக்குப் பின்னால், நாற்காலிக்கு அடியில், கடைசியில் அவன் காதோரமே வந்து, முகப்பவுடரும் கருகிய திரியும் கலந்த வாடையைக் கிளப்பிக்கொண்டு நீண்டுகொண்டேயிருந்தது. பிறகு நின்றது. விடும் சத்தத்துக்காகக் காத்திருந்தான். தன்னையறியாமல் தானும் மூச்சைப் பிடித்திருந்தான். விடும் சத்தம் வரவில்லை. மறுபடியும் இழுக்கத்தான் செய்தது.

ஜன்னல் திரை அறைக்குள் வளைந்து நின்றது. வெளியே மரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை.

கூடத்துக்கு வந்து, படத்தைக் கொடுத்த அம்மாளுக்குப் போன் செய்தான். இருட்டிக்கொண்டு வந்தது. மழையும் பிடித்துக்கொண்டது.

"சார் எப்படிம்மா இறந்தாரு?"



"மூச்சுத்திணறல்னு டாக்டர் எழுதிக் கொடுத்தாரு. அவரு திணறவே இல்ல தம்பி. இழுத்துக்கிட்டே இருந்தாரு. குளிருதேன்னு நான்தான் அன்னிக்கு ஜன்னலைச் சாத்தினேன்."

"இதை ஏன் காலைலயே சொல்லல?"

"சொல்லியிருந்தா எடுத்துட்டுப் போயிருப்பீங்களா?"

வீட்டின் மறுகோடியில் ஒரு ஜன்னல் சாத்தும் சத்தம். அடுத்து இன்னொன்று, கொஞ்சம் பக்கத்தில்.

"சாரல் அடிக்குதுடா," அக்காவின் குரல். "உன் ரூம்லயும் நனையுது பாரு."

"அக்கா, அதைச் சாத்தாத."

"என்னது? கேக்கல. இரு, இதையும் சாத்திட்டு..."

குரல் அறுந்தது.

காது அடைத்தது. போன் கையிலிருந்து நழுவியது. ஓடினான். நாலடிதான் இருக்கும். கால் தானாகப் போகவில்லை, பின்னாலிருந்து ஏதோ தள்ளியது. வீட்டின் காற்றெல்லாம் அந்த அறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கை வைப்பதற்கு முன்பே கதவு உள்ளே திறந்துகொண்டது.

அக்கா ஜன்னல் கொக்கியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். வாய் திறந்திருந்தது. தோள்கள் ஏறின. இன்னும் ஏறின. நெஞ்சு புடைத்தது. சட்டைப் பொத்தான் தெறித்துச் சுவரில் பட்டது. கண்கள் மட்டும் அவனிடம் கெஞ்சின.

"விடுக்கா. மூச்சை விடு."

அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. வாயைவிட்டு வந்ததுமே அவள் பக்கம் போய்விட்டது.

நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் அடித்தான். கண்ணாடி சிதறியது. மழை உள்ளே பாய்ந்தது.

தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. அத்தனை சாரலும் காற்றில் வளைந்து, கயிறுபோல் திரண்டு, அக்காவின் வாய்க்குள் போனது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விலகும் சத்தம் கேட்டது. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாள்.