உள்பக்கம் வேர்த்த கண்ணாடி

ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாக வேர்த்திருந்தது.

தமிழ்ச்செல்வி இப்போதுதான் அதைத் துடைத்திருந்தாள். துணியைப் பிழிந்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடியும் முத்து முத்தாக நீர் கோத்துவிட்டது. வெளியே கேளம்பாக்கமே மழையில் விறைத்துக் கிடக்க, நாலாம் மாடியின் இந்தப் படுக்கையறையில் மட்டும் அப்படியொரு புழுக்கம். குழந்தையைக் குளிப்பாட்டிய வெந்நீரின் ஆவி, சாம்பிராணிப் புகை, அறைக்குக் குறுக்கே கொடி கட்டிப் போட்டும் காயாத துணிகள், எல்லாவற்றுக்கும் அடியில் போகவே போகாத அந்த மக்கல் வாசனை. தூளிக்குப் பக்கத்துச் சுவரில் ஆளுயரத்துக்குப் பூசணம் ஏறியிருந்தது. பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்ததில் கை எரிந்ததுதான் மிச்சம். தேய்த்த இடத்திலேயே கறுப்புப் புள்ளிகள் திரும்பவும் முளைத்தன, சனியன்கள்.

காரணம் அவளுக்குத் தெரியாமலில்லை. ஜன்னல் இடுக்குகளைப் பழைய புடவைத் துணியால் அடைத்து, மேலே பிரவுன் டேப் ஒட்டியது அவளேதான். முதல் பிள்ளை கருங்குழி வீட்டில் நெஞ்சுச்சளி கண்டு போய்ச் சேர்ந்தபோது, துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் ஒன்றையேதான் கேட்டார்கள். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் யாராவது ஜன்னலைத் திறந்து வைப்பார்களா? அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. இந்தப் பிள்ளையையாவது காப்பாற்றியாக வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் வேண்டாம்.

காலையில் கம்பெனி வண்டி ஓட்டக் கிளம்பும்போது அவள் புருஷன் பன்னீர்செல்வம் சுவரைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தான்.

"இன்னா செல்வி, வூடே வேர்த்துகினு கீது. கொயந்தைக்கு இயுக்குறதே இந்தப் பூசணத்தாலதான்னு டாக்டரு சொன்னாரா இல்லியா? துணிய பால்கனில போடு. அந்த ஜன்னல கொஞ்சம் தொற."

"தொறந்து நான் பட்டது போதாதா?"

அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டான்.

குழந்தையைக் குளிப்பாட்ட வரும் சந்திரம்மா அதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். துடைத்து, புகை காட்டி, இடது கன்னத்தில் மையால் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள். "ஆம்பளைங்களுக்கு இன்னா தெரியும்? பச்ச ஒடம்பும்மா. காத்து பூந்துச்சுன்னா அப்பால நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மத்தியானம் கரண்ட் போயிற்று. மழையில் பகலே இருட்டிக்கொண்டு வந்தது. மின்விசிறியின் சத்தம் நின்றதும்தான் குழந்தையின் இழுப்பு துல்லியமாகக் கேட்டது. உள்ளே இழுக்கும்போது ஒரு விசில், வெளியே விடும்போது சளியின் கரகரப்பு. ஐயோ, காலையைவிட அதிகமாக இருக்கிறதே! ஆவி பிடிக்க வெந்நீர் வைக்கலாம் என்று அடுப்படிக்கு ஓடினாள்.

இழுப்பும் கூடவே வந்தது.

அடுப்பைப் பற்றவைக்கப் போன கை நின்றது. படுக்கையறையிலிருந்து இவ்வளவு தெளிவாகக் கேட்க நியாயமில்லை. ஆனால் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் பொதுவான, தூளியை ஒட்டிய சுவர் அது. தயங்கித் தயங்கி அதில் காதை வைத்தாள். ஈரம். வெதுவெதுப்பான ஈரம். காய்ச்சல்கார உடம்பைப் போல.

சுவர் மூச்சை இழுத்தது.

எப்படித் திரும்பி ஓடி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தூளி அசையாமல் தொங்கியது. பக்கத்தில் பூசணம். காலையில் சிதறிக் கிடந்த புள்ளிகள் இப்போது நெருங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. உருண்டையாக ஒரு தலை. மடங்கிய கால்கள். ஒருக்களித்துப் படுத்த கைப்பிள்ளையின் அளவு. அதன் நடுவில் சுண்ணாம்பு மெல்ல உப்பியது. அடங்கியது. உப்பியது.

"ஏசப்பா... மாரியாத்தா... யாராச்சும்..." என்று வாய்க்கு வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள்.

தூளியில் சத்தமே இல்லை.

டேப்பைப் பிய்த்தாள். நகம் பெயர்ந்தது. துணிச் சுருள்களை உருவி எறிந்தாள். ஊறிப்போயிருந்த துணியிலிருந்து கறுப்புத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. ஜன்னல் கதவு நகரவில்லை. "தொறடி... தொறந்து தொல..." தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

திறந்தது.

கோவளம் பக்கமிருந்து உப்புக் காற்று கொட்டியது. கொடித் துணிகள் படபடத்தன. கண்ணாடி தெளிந்தது. சுவரின் இழுப்பு தேய்ந்து, தேய்ந்து, நின்றே போனது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூசணம் ஓரத்திலிருந்து வெளுத்தது. கால்கள் போயின. தலை போயிற்று. சுண்ணாம்பு அடித்த அன்றைக்கு இருந்ததுபோல வெறும் வெள்ளைச் சுவர்.

தமிழ்ச்செல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. டாக்டர் சொன்னபோதே திறந்திருக்கலாமே, பைத்தியக்காரி! எழுந்து தூளியை விலக்கினாள். குழந்தை விழித்திருந்தது. இழுப்பு இல்லை. நிதானமான மூச்சு.

"என் தங்கமே."

கன்னத்தில் மை கலைந்திருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தாள். பொட்டு வந்துவிட்டது.

அதன் கீழே இன்னொன்று இருந்தது.

துடைத்தாள். வரவில்லை. காதுக்குப் பின்னால் இரண்டு. கழுத்து மடிப்பில் ஒரு கொத்து. சட்டையைத் தூக்கினாள். தொப்புளிலிருந்து தொண்டை வரை. கறுப்பாக. ஈரமாக. நெருக்கமாக.

குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. வாயிலிருந்து மக்கல் வாசனை வந்தது.

வெளிக்காற்று வீசிக்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் குழந்தை மூச்சை விட்டபோது, எதிரே கண்ணாடி முழுவதும் வேர்த்தது. இழுத்தபோது தெளிந்தது.

மறுபடியும் வேர்த்தது.