கிருத்திக் ஏன் வாய் திறக்கவில்லை?

"நாளைக்கு இவனைக் காரமடைக்குக் கூட்டிட்டுப் போய் எங்க அக்கா ஊட்டுல உட்டுட்டு வந்தரலாமுங்க."

அம்மா அப்பாவிடம் இப்படிச் சொன்னதும் வர்ஷா பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"தம்பியையாம்மா? எத்தனை நாளைக்கு?"

"உடம்பு தேறுற வரைக்கும். இங்க வந்து ரெண்டே மாசத்துல ஒரு கிலோ குறைஞ்சுட்டான்."

அப்பாவுக்குக் குந்தா மின்நிலையத்தில் வேலை. மாற்றல் வந்ததால் எல்லோரும் சமவெளியிலிருந்து மலைக்கு வந்தார்கள். வந்த நாளிலிருந்து மூன்று வயதுக் கிருத்திக் சோற்றைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்கிறான்.

அம்மா கொஞ்சிப் பார்த்தார். மிரட்டிப் பார்த்தார். அப்பா கரடி மாதிரி ஆடிக் காட்டினார். "இன்னொருக்கா ஆடுங்கப்பா" என்றான் கிருத்திக். சோற்றுக்கு மட்டும் வாய் திறக்கவில்லை.

அப்பா வேலைக்குப் போய்விட்டார். மத்தியானம் அம்மா கிருத்திக்கின் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தார். வர்ஷாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அம்மா, இன்னைக்கு நான் ஊட்டட்டா?"

"ஊட்டு கண்ணு. தட்டு ஜன்னலோரம் இருக்குது. அப்பவே ஆற வெச்சுட்டேன்."

பருப்புச் சோறு, மேலே நெய்.

"ஒரு வாய் வாங்கிக்கடா."

"மாட்டேன்."

"இங்க பாரு, அக்கா சாப்பிடறேன்!" வர்ஷா ஒரு கவளத்தை வாயில் போட்டாள்.

அவள் முகம் கோணிப்போயிற்று. சோறு ஐஸ் மாதிரி இருந்தது. பருக்கைகள் விறைத்திருந்தன. உறைந்த நெய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கிருத்திக் அவளையே பார்த்தான். "நல்லால்லதானே?" என்று பரிவாகக் கேட்டான்.

வர்ஷா தட்டோடு அம்மாவிடம் ஓடினாள்.

"ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கம்மா."

"எனக்கெதுக்கு? அவனுக்கு ஊட்டு."

"ஒரே ஒரு வாய்ம்மா!"

அம்மா வாங்கிக்கொண்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார்.

"நாக்கு பொத்துப்போகுமேன்னுதான் ஆற வெச்சேன். ஊர்லயும் இப்படித்தானே வெப்பேன்..."

"அங்க ஆறினா வெதுவெதுன்னு இருக்கும். இங்க ஐஸாப் போயிருதும்மா. நாம மட்டும் சூடாப் போட்டுச் சாப்பிடறோம்."

அம்மா கிருத்திக்கைத் தூக்கி அணைத்துக்கொண்டார். "ஏங்கண்ணு, நீ சொல்லக்கூடாதா?"

"வேண்டாம்னு சொன்னேனே!" என்றான் அவன்.

வர்ஷா அடுப்பின் மேல் இருந்த சட்டியிலிருந்து ஒரே ஒரு கரண்டிச் சோறு போட்டாள். சூடான பருப்பை ஊற்றிப் பிசைந்தாள். சின்ன உருண்டையாகப் பிடித்து, இரண்டு தடவை ஊதி நீட்டினாள்.

கிருத்திக் முகர்ந்தான். வாய் திறந்தது! மென்றுகொண்டே ஊதினான். குளிரில் அவன் மூச்சு ஆவியாகப் பறந்தது.

"அக்கா, எனக்குப் புகை வருது! இன்னொண்ணு!"

ஒரு கரண்டி தீர்ந்தது. இன்னொரு கரண்டி. அம்மாவும் வர்ஷாவும் அவனோடு அடுப்பருகிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யார் வாயில் நிறையப் புகை வருகிறது என்று போட்டி. கிருத்திக்தான் ஜெயித்தான்.

அப்பா பசியோடு வந்து சட்டியைத் திறந்தார்.

"சோறு எங்கே?"

"உங்க பையன் வயித்துல" என்றார் அம்மா.

"அப்போ நாளைக்குக் காரமடை?"

"யாரும் எங்கேயும் போகலைங்க."

அம்மா மறுபடியும் அரிசி களைந்தார், ஒரு டம்ளர் கூடுதலாக.