வெள்ளித் தட்டில் உறைந்த சாறு

எங்கள் சுபியேத்தா வீட்டு சால்தேனியா ஒழுகாது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் பொத்தோசி மலையூரில் யாரை நிறுத்திக் கேட்டாலும் சொல்வார்கள்.

சோமாசி போல மடித்து அடுப்பில் சுடும் சால்தேனியாவின் வெளிமாவு லேசாக இனிக்க வேண்டும். உள்ளே இருக்கும் பூரணத்தில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் மிளகாயோடு காரமாக இருக்க வேண்டும். நடுவே ஓர் உலர்ந்த திராட்சை, ஓர் ஆலிவ் காய். ஓரத்தைக் கடித்ததும் சூடான சாறு வாய் நிறைய வர வேண்டும். ஆனால் கடிக்கும்வரை ஒரு சொட்டுகூட வெளியே வரக் கூடாது. வந்தால் அது சால்தேனியா இல்லை, ஈர ரொட்டி.

இந்த ஆண்டு சுதந்திர தின விருந்துக்கு ஐந்தாம் வகுப்பின் மேசைக்கு யார் சால்தேனியா கொண்டுவருவது என்று பள்ளியில் ஆசிரியை கேட்டிருக்கிறார். என் தம்பியின் பேத்தி டெல்ஃபினா எழுந்து நின்றுவிட்டாள்.

"எங்க வீட்டிலிருந்து கொண்டுவர்றேன் டீச்சர்."

உடனே பின்வரிசையிலிருந்து ஃபாப்ரிசியோ சிரித்தான். அவன் அம்மா சதுக்கத்தில் சால்தேனியாக் கடை வைத்திருப்பவர்.

"உங்க அம்மா சமவெளிக்காரங்கதானே? அங்க வாழைக்காய் வறுக்கத்தானே தெரியும்! நாங்க எல்லாரும் ஸ்பூன் கொண்டுவரணுமா, சூப்பு குடிக்க?"

வகுப்பே சிரித்தது. டெல்ஃபினா உட்காரவில்லை.

"ஸ்பூன் வேண்டாம். வாயை மட்டும் கொண்டுவா," என்றாள்.

இதை அவள் வீட்டில் வந்து சொன்னபோது, என் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது.

விருந்துக்கு முந்தைய நாள் அவளும் அவள் அப்பாவும் பூரணம் செய்தார்கள். மாட்டுக்காலை மதியம் முழுவதும் வேகவைத்து, விரலில் ஒட்டும் அளவுக்குச் சாறு எடுத்தார்கள். சிவப்பு மிளகாய், சீரகம், ஒரு கை சர்க்கரை. எல்லாம் சேர்ந்ததும் பெரிய பாத்திரத்தை மூடி முற்றத்தில் வைத்தார்கள். எங்கள் ஊருக்கு ஆகஸ்ட் குளிர்காலம்; அந்தக் குளிரில் அது விடிவதற்குள் அல்வா மாதிரி உறைந்துவிடும். உறைந்த பூரணத்தைத்தான் மாவில் வைத்து மடிக்க முடியும். பிறகு அடுப்பின் சூட்டில் அது உருகி மறுபடி சாறாகும். அதுதான் விஷயம்.

அவள் அப்பா பேருந்து ஓட்டுநர். சாயங்காலமே வண்டி எடுத்துக்கொண்டு உயுனி ஊருக்குப் போய்விட்டார். அம்மா செவிலியர். பண்டிகை நாள் என்று நோய்க்கு விடுமுறை உண்டா? அவரும் மருத்துவமனைக்குப் போய்விட்டார். வீட்டில் டெல்ஃபினாவும் நானும்தான். கூடவே சாந்தா குரூஸிலிருந்து விருந்தாளியாக வந்திருந்த அவளுடைய தாய்மாமன் வில்பர்.

வில்பர் நல்ல மனிதர். ஆனால் சமவெளி வெயிலில் வளர்ந்தவர். மூன்று கம்பளிச் சட்டைகள் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் என் போர்வையையும் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள் உலவிக்கொண்டிருந்தார்.

காலையில் டெல்ஃபினா மாவைப் பிசைந்து வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"பெரிய தாத்தா, பாத்திரத்தைக் காணோம்!"

"தேடாதே செல்லம்," என்றார் வில்பர், அடுப்படியில் இருந்து. "நான்தான் உள்ளே கொண்டுவந்து அடுப்பு மேல வச்சேன். பாவம், எல்லாம் விறைச்சுக் கட்டி தட்டிப்போயிருந்தது. இந்தக் குளிர்ல கெட்டுப்போயிருக்கும்னு பயந்துட்டேன். இப்ப நல்லா இளகிடுச்சு, பாரேன்!"

டெல்ஃபினா மூடியைத் திறந்தாள். கரண்டியை விட்டாள். கரண்டி சரிந்து அடிவரை மூழ்கியது.

 வில்பர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது... விறைச்சுதான் இருக்கணுமா?" என்றார் மெதுவாக.

"ஐயா வில்பர்," என்றேன் நான். "நீங்கள் உங்கள் ஊரில் சால்தேனியா சாப்பிட்டதே இல்லையா?"

"சாப்பிட்டிருக்கேன் ஐயா, கடையில. அவங்க எப்படிப் பண்றாங்கன்னு யார் கேட்டா?" அவர் முகம் சுருங்கிவிட்டது. போர்வைக்குள் இன்னும் கொஞ்சம் சிறுத்துப்போனார். "நான் போய்க் கடையிலேயே வாங்கிட்டு வந்துடறேன். சதுக்கத்துல ஒரு கடை இருக்கே..."

"ஃபாப்ரிசியோ வீட்டுக் கடையிலா!" நான் எழுந்தே நின்றுவிட்டேன். "வாங்கிய சால்தேனியாவை சுபியேத்தா வீட்டுப் பெயரில் கொடுப்பதா? ஒழுகும் சால்தேனியாவும் இந்த வாசலைத் தாண்டாது, வாங்கிய சால்தேனியாவும் தாண்டாது. டெல்ஃபினா, நீ போய் உன் ஆசிரியையிடம் முடியவில்லை என்று சொல்லிவிடு. அதில் அவமானம் இல்லை."

"முடியலைன்னு யார் சொன்னது?" என்றாள் டெல்ஃபினா.

அவள் பாத்திரத்தின் ஒரு காதைப் பிடித்தாள். "மாமா, அந்தப் பக்கம் பிடிங்க. அழுறதுக்கு அப்புறமா நேரம் ஒதுக்கிக்கலாம்."

முற்றத்தில் அதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஆனால் வீட்டின் தெற்குப் பக்கச் சந்தில் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும் ஆகஸ்டில் வெயிலே விழாது. அங்கே துணி துவைக்கும் தொட்டியில் தண்ணீர் இன்னும் பனிக்கட்டியாகத்தான் இருந்தது. இருவரும் பாத்திரத்தைத் தொட்டிக்குள் வைத்தார்கள். டெல்ஃபினா மாவை உருண்டைகளாக்கி, தட்டி, ஈரத் துணியால் மூடிவிட்டு வந்து பார்த்தாள்.

பாத்திரத்தின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு உறைந்திருந்தது. நடுவில் கையை விட்டால் சூடு.

"இப்படியே போனா கிறிஸ்துமஸுக்குத்தான் உறையும்," என்றார் வில்பர். பாவம், சிரிக்க வைக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

ரொட்டிக்காரி காஸ்தா அம்மாள் ஒன்பது மணிக்கு எங்களுக்குத் தன் ரொட்டி அடுப்பைத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதன்பின் அவரும் கடையை மூடிவிட்டு அணிவகுப்பு பார்க்கப் போய்விடுவார். டெல்ஃபினா சமையலறைப் படியில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்தாள். எதிரே வில்பர் ஊதா நிறச் சோளக் கஞ்சியைக் குடிக்க முயன்றுகொண்டிருந்தார். கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்து, "அம்மா!" என்று நாக்கை நீட்டினார். பிறகு கஞ்சியைத் தட்டில் ஊற்றி, ஊதி, உறிஞ்சினார்.

டெல்ஃபினா எழுந்து நின்றாள்.

"மாமா, ஏன் தட்டுல ஊத்தினீங்க?"

"சீக்கிரம் ஆறுமே. ஏன், அதுவும் தப்பா?"

"இல்ல மாமா. அதுதான் சரி!"

அவள் வீடு முழுவதும் ஓடினாள். அகலமானது, தட்டையானது எது கிடைத்தாலும் வேண்டும். ஒரு தகரத் தட்டம் கிடைத்தது. மற்றதெல்லாம் குண்டானும் கிண்ணமும். ரொட்டி சுடும் தட்டங்கள் காஸ்தா அம்மாளிடம்தான் இருந்தன. தகரத் தட்டத்தில் பாதிப் பூரணம்தான் அடங்கும். மீதியை எதில் ஊற்றுவது?

அவள் என் முன்னால் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தாள்.

அங்கே எங்கள் குடும்பத்து வெள்ளித் தட்டு மாட்டியிருந்தது. எங்கள் மலையில் வெட்டிய வெள்ளி. என் கொள்ளுத்தாத்தா செய்யச் சொன்னது. நடுவில் எங்கள் பெயர் செதுக்கியிருக்கும். வாரம் ஒருமுறை நானே துடைப்பேன். வேறு யாரும் அதைத் தொட்டது கிடையாது.

"கூடாது," என்றேன்.

"நான் இன்னும் கேட்கவே இல்லையே, பெரிய தாத்தா."

"கேட்காதே. அது பூரணம் ஊற்றும் தட்டு இல்லை. அதில் நம் பெயர் இருக்கிறது."

"அதனாலதான் கேட்கிறேன்." அவள் குரல் உயரவில்லை. கால்களை ஊன்றி நின்றிருந்தாள். "பேரைச் சுவத்துல மாட்டி வச்சுட்டு, ஸ்கூல்ல போய் முடியலைன்னு சொல்லச் சொல்றீங்க. அப்புறம் அந்தப் பேரை யார் படிப்பாங்க?"

எனக்குக் கோபம் வந்தது.  கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? நாற்காலியில் ஏறி, தட்டை நானே கழற்றிக் கொடுத்தேன்.

"கீறல் விழக் கூடாது," என்றேன்.

"விழாது."

அதன்பின் சந்து ஒரு பட்டறை ஆகிவிட்டது. வில்பர் சுத்தியலால் தொட்டித் தண்ணீரை உடைத்தார்.

"எங்க ஊர்ல தண்ணியை மோந்து குடிப்போம். இங்க சுத்தியலால உடைச்சுக் குடிக்கணுமா!"

"பேசாம உடைங்க மாமா. இன்னும் பொடியா."

பனிக்கட்டித் துண்டுகளைத் தரையில் பரப்பி, அதன்மேல் இரண்டு தட்டுகளையும் வைத்தார்கள். பூரணத்தை விரல் உயரத்துக்கு ஊற்றிப் பரப்பினாள் டெல்ஃபினா. வில்பர் கையுறை இல்லாமல் பனிக்கட்டிகளைத் தட்டுகளின் ஓரமாக நெருக்கி நெருக்கி வைத்தார். அவர் விரல்கள் தக்காளி நிறத்துக்கு வந்துவிட்டன.

"உள்ளே போய்க் கொஞ்சம் குளிர் காயுங்க மாமா," என்றாள் அவள்.

"மாட்டேன். கெடுத்தது நான். உறையுறவரை இங்கேயேதான் இருப்பேன்."

"நீங்க கெடுக்கலை. எங்க சாப்பாடு வீணாகக் கூடாதுன்னு பார்த்தீங்க. இந்த ஊர்ல அதைக் குளிரே பார்த்துக்கும்னு உங்களுக்கு யாரும் சொல்லலை. அவ்வளவுதான்."

அவர் இன்னொரு பனிக்கட்டியை எடுத்து வைத்தார்.

முதலில் உறைந்தது வெள்ளித் தட்டு. டெல்ஃபினா அதை லேசாகச் சாய்த்தாள். பூரணம் அசையவில்லை. விரலால் தட்டினாள். பளபளவென்று நடுங்கியது.

"மாமா!" என்று கத்தினாள். தெருவில் போன நாய் நின்று திரும்பிப் பார்த்தது.

மடிக்க உட்கார்ந்தார்கள். வட்ட மாவில் ஒரு கரண்டிப் பூரணம், ஒரு திராட்சை, ஒரு ஆலிவ். இரண்டு ஓரத்தையும் மேலே தூக்கிச் சேர்த்து, ஜடை பின்னுவது போலப் பின்ன வேண்டும். வில்பர் பின்னிய முதல் சால்தேனியா கசங்கிய காது மாதிரி இருந்தது.

"இது யாரோட காது மாமா?"

"உன் பெரிய தாத்தாவோடது," என்றார் அவர், நான் கேட்கவில்லை என்று நினைத்து.

அதன்பின் அவர் ஆலிவ் வைக்கும் வேலைக்கு மாற்றப்பட்டார். பின்னல் முழுக்க டெல்ஃபினாவின் கை. ஒவ்வொரு மடிப்பையும் இரண்டு தடவை அழுத்தினாள். அவசரம் என்று ஒன்றைக்கூட விடவில்லை.

பலகைகளில் அடுக்கிக்கொண்டு மூவரும் ஓடினோம். சரி, அவர்கள் ஓடினார்கள். நான் வேகமாக நடந்தேன்.

காஸ்தா அம்மாள் அடுப்புக் கதவில் கை வைத்தபடி நின்றிருந்தார்.

"மணி என்ன ஆச்சு தெரியுமா? நான் மூடப் போறேன். உங்க அப்பா எங்கே? சின்னப் பிள்ளை செஞ்சதையெல்லாம் வச்சா என் அடுப்பு முழுக்கச் சாறு ஓடும். யார் கழுவுறது?"

"ஒழுகினா நான் கழுவுறேன்," என்றாள் டெல்ஃபினா. "தொட்டுப் பாருங்க அம்மா."

காஸ்தா அம்மாள் ஒன்றை எடுத்து அடியில் அழுத்தினார். ஓரப் பின்னலை இழுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு பெருமூச்சு விட்டு அடுப்பைத் திறந்தார்.

"வை. பின்னல் உங்க அப்பாவோடதைவிட நெருக்கமா இருக்கு. அவர்கிட்ட நான் சொன்னதாச் சொல்லாதே."

பள்ளி முற்றத்தில் கொடியேற்றம் முடிந்து, மேளமும் ஓய்ந்திருந்தது. வெள்ளை மேலங்கி போட்ட பிள்ளைகள் மேசையை மொய்த்தார்கள். எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. சால்தேனியாவைச் சாப்பிடும்போது சாற்றைச் சிந்துகிறவர் எல்லார் முன்னாலும் ஒரு பாட்டுப் பாட வேண்டும். ஆனால் கடிக்கும் முன்பே ஒழுகினால் குற்றம் செய்தவர் மேல். அப்போது செய்தவர் பாட வேண்டும். அந்தப் பாட்டை ஊர் பத்து வருடம் மறக்காது.

ஃபாப்ரிசியோ முதல் ஆளாக ஒன்றை எடுத்தான். ஒரே கடியில் பாதியை விழுங்கப் பார்த்தான். சிவப்புச் சாறு அவன் வெள்ளை மேலங்கி முழுக்க வழிந்தது.

"ஒழுகுது! பாருங்க டீச்சர், ஒழுகுது! டெல்ஃபினா பாடணும்!"

எல்லாரும் டெல்ஃபினாவைப் பார்த்தார்கள். வில்பரின் முகம் வெளுத்துவிட்டது. நான் கைத்தடியை இறுகப் பிடித்தேன்.

டெல்ஃபினா ஒரு வெள்ளைக் காகிதத்தை மேசையில் விரித்தாள். பலகையிலிருந்து நான்கு சால்தேனியாக்களை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும் டீச்சர். அப்புறம் பாருங்க."

காத்திருந்தோம். மேளக்காரப் பையன்கூடக் கிட்டே வந்து எட்டிப் பார்த்தான். ஆசிரியை ஒவ்வொன்றாக எடுத்தார். காகிதத்தை உயர்த்தி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"காகிதம் காய்ஞ்சே இருக்கு," என்றார். "ஃபாப்ரிசியோ, கடைக்காரங்க பிள்ளை நீ. ஓரத்தைக் கடிச்சு முதல்ல சாற்றைக் குடிக்கணும்னு உனக்கு நான் சொல்லித் தரணுமா? பாடு."

அவன் மேசைக்கு முன்னால் வந்தான். காதெல்லாம் சிவந்துபோயிருந்தது. வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

டெல்ஃபினா போய் அவன் பக்கத்தில் நின்றாள். "நான் ஆரம்பிக்கிறேன், நீ பிடிச்சுக்க," என்றாள். இரண்டு பேரும் பாடினார்கள். அவன் குரல் அவ்வளவு மோசமாக இல்லை.

பாட்டு முடிந்ததும் அவன் தன் மேலங்கியைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "இன்னொண்ணு எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்க. ஓரத்துல கடி."

இந்தத் தடவை ஒழுங்காகக் கடித்தான். சாற்றை உறிஞ்சினான். கண்ணை மூடினான்.

"எங்க அம்மா செய்யுற மாதிரியே இருக்கு," என்றான். அவன் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. "யார் செஞ்சது? உங்க அப்பாவா?"

"பக்குவம் அப்பாவோடது. உறைய வச்சதும் மடிச்சதும் நானும் எங்க மாமாவும்." அவள் வில்பரின் சிவந்த கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள். "இவர்தான். சமவெளிக்காரர்."

வில்பர் மெல்ல போர்வையைக் கழற்றினார். ஆசிரியை அவர் கையைக் குலுக்கினார். பிள்ளைகள் பலகைகளைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். நான் என் மரியாதைக்கு ஏற்றபடி, கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்றேன்.

கூட்டம் குறைந்தபோது பலகைகளில் ஒரு துணுக்குகூட இல்லை. நான் முதுகை நன்றாக நிமிர்த்திக்கொண்டு, வெறும் வயிற்றோடு வீட்டுக்கு நடந்தேன்.